டிக்கியில் இருந்த கல்

முதலில் போனது சைக்கிள் டைனமோ. மில் கேட்டில் பெஞ்சின்மேல் ஏறி நின்று சொரிமுத்து பேசிக்கொண்டிருந்தபோது, எதிரே கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்திலேயே ஒருவன் கழற்றிக்கொண்டு போனான். இரண்டாவது, சைக்கிள். மூன்றாவது, சங்கத்தின் மைக்செட். சங்கம் இரண்டாக உடைந்த அன்று பால்துரை அதைத் தூக்கிக்கொண்டு, 'இது தொழிலாளி சொத்து' என்று அதிலேயே பேசிக்கொண்டு போனான். நான்காவது, மில்லுக்குள் இருந்த மிஷின்கள். கதவடைப்பு நேரத்தில் ரிப்பேருக்கு அனுப்புகிறோம் என்று தார்ப்பாய் போட்டு லாரியில் ஏற்றினார்கள், ரிப்பேருக்குப் போனவை இன்னும் திரும்பவில்லை. ஐந்தாவது, மில். ஆறாவது, மில் நின்ற மண். எல்லைக்கல் ஊன்றி வண்ணக்கொடி கட்டி மனை மனையாக விற்றார்கள். ஏழாவது, கேட்டுக்கு எதிரே நின்ற நினைவுத் தூண். இந்த வரிசை மாறக் கூடாது. நோட்டீஸ் எழுதிப் பழகியவர் அவர். நோட்டீஸ் படித்துத்தான் எழுத்தே கற்றவர். குற்றத்தை நடந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அடுத்தது எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். முதலில் விளக்கை எடுத்தான், பிறகு வண்டியை, பிறகு வாயை, பிறகு கையை, பிறகு வயிற்றை, பிறகு காலடி மண்ணை, பிறகு ஞாபகத்தை. எட்டாவதாக எடுக்க மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அது இப்போது அவருடைய முதுகுக்குப் பின்னால், மருமகனுடைய காரின் டிக்கியில், பழைய வேட்டியில் சுற்றி, துணிப்பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. கார் நிற்கும் இடம் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் உள்ள பார்க்கிங். சாரல் விழுகிறது. மகளும் மருமகனும் அருவிக்குப் போயிருக்கிறார்கள். அவர் போகவில்லை. அவர் காவல்.

சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று மில் கேட்டில் உண்ணாவிரதம் கிடந்தவர் அவர்; கிடந்து வாங்கியும் கொடுத்தார். ஆனால் விடுப்பில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கிடைத்த விடுப்பையெல்லாம் அடுத்த விடுப்புக்குப் போராடவே செலவழித்திருந்தார். இவர்கள் என்னடாவென்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போய்த் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீர் அடிக்கிறது, அடி வாங்குகிறார்கள், சிரிக்கிறார்கள். மருமகன் நல்லசிவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருப்பவன், எதற்கும் முன்கூட்டியே பயப்படுவதுதான் அவனுடைய தொழில். புறப்படுவதற்கு முந்தைய நாளே செல்போனில் எதையோ படித்துவிட்டு வீட்டையே நடத்த ஆரம்பித்துவிட்டான். சுற்றுலாத் தலத்தில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடுகிறார்களாம். சீட்டின்மேல் எதையும் வைக்கக் கூடாது, ஒரு காலிப் பை கூட. காலிப் பை என்று திருடனுக்குத் தெரியாதே. சார்ஜர் ஒயர் கண்ணில் பட்டால் போன் இருக்கிறது என்று அர்த்தம். இருட்டில் நிறுத்தாதே, சுவரோரம் நிறுத்தாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கிங்குக்கு வந்த பிறகு டிக்கியைத் திறந்து சாமானைப் போடாதே. அதற்காகவே தென்காசி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். "அங்க போயி திறந்தா பாக்குறவன் பாத்துருவான் மாமா. இங்கயே எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டுப் போயிரணும்." சொரிமுத்துவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தலைமறைவாக இருந்த காலத்தில் அவர்கள் வகுத்துக்கொண்ட விதியும் இதேதான்; ஒளித்து வைப்பது குற்றமில்லை, ஒளித்து வைக்கும்போது பார்க்கப்படுவதுதான் குற்றம். அதை ஒரு கம்பெனிக்காரன் செல்போனில் படித்துத் தெரிந்துகொள்கிறான். எல்லாம் கடைசியில் கம்பெனிக்கே போய்ச் சேருகிறது, தலைமறைவு உட்பட. டிக்கியைத் திறந்தபோது வாலண்டினா அந்த வேட்டி மூட்டையைப் பார்த்தாள். வாலண்டினா அவருடைய மகள், விண்வெளிக்குப் போன பெண்ணின் பெயர், வீட்டில் வாலா. "அப்பா! இதையுமா தூக்கிட்டு வந்திருக்கீங்க? வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல? கல்லை எவன்ப்பா திருடுவான்?" "தூணையே திருடினவன் கல்லை விட்டுருவானா?" என்றார் அவர். நல்லசிவன் மூட்டையை நகர்த்திப் பார்த்து, "மாமா, மைலேஜ் குறையும்" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததும் சந்தேகத்துக்கு உரியதுதான்.

வீட்டில் எப்படி வைத்துவிட்டு வருவது? போன வாரம்தான் பால்துரை வந்தான். தனியாக வரவில்லை, மனை விற்கிறவர்களின் மேஸ்திரி ஒருவனையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டு மாதிரி ஒரு சிரிப்பை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தான். "அண்ணாச்சி, தூணு இடிஞ்சப்ப நீங்க எடுத்துட்டு வந்தீகளே ஒரு கல்லு, அது சைட்டுச் சாமானாம். ஓனரு நல்ல மனுசன். குடுத்துட்டா கேசு கீசுன்னு போக மாட்டாரு. நகர் வாசல்ல புல்லு வளத்து, நடுவுல அதை வச்சு, மேல ஒரு லைட்டப் போட்டு..." மைக்செட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் வாயிலிருந்து லைட் போடுகிற யோசனை வருகிறது. ஜேசிபி அந்தத் தூணைச் சாய்த்த மத்தியானம், செங்கல் குவியலுக்குள் முழங்கால் புதைய நின்று அந்தக் கல்லை இழுத்தெடுத்தவர் அவர் ஒருத்தர்தான். இரண்டு ஸ்லேட்டு அகலம், கருங்கல், ஒரு மூலை உடைந்திருந்தது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காவல்காரன் கத்தினான். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். அவர் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். எதிரே தேங்காய்க் கடையில் நின்றவர்கள், பெரியவர் அம்மிக்கல் வாங்கிக்கொண்டு போகிறார் என்று நினைத்திருப்பார்கள். பூட்டிய வீட்டில் வைத்துவிட்டு வந்தால் திரும்பிப் போகும்போது அது இருக்காது. இருக்காது என்பது அவருக்கு, மழை வந்தால் நனையும் என்பதைப்போலத் தெரிந்த விஷயம். அதனால்தான் கல் குற்றாலத்துக்குச் சீசன் பார்க்க வந்திருக்கிறது.

கண்ணாடியில் நீர்த்துளிகள் கோடு கோடாக இறங்கின. அவற்றுக்கு நடுவே அவர் ஆட்களைப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தோடு மசாஜுக்கு ஆள் தேடித் திரிகிறவன் ஒருத்தன். வண்டியில் வருகிறவர்களின் உடம்பைத் தடவிக் கொடுக்கிறவனுக்கு அவர்கள் கழற்றி வைக்கிற சங்கிலி எங்கே போகிறது என்றும் தெரிந்திருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கடைக்காரன். சட்டியைப் பார்க்காமலே சிப்ஸைப் புரட்டுகிறான், அப்படியானால் எதைப் பார்க்கிறான்? மரத்தில் இருந்த குரங்குகளையும் அவர் விட்டுவிடவில்லை. இவர்கள் எல்லாரையும்விட அதிகமாக அவர் சந்தேகப்பட்டது டோக்கன் போடுகிற பெண்ணை. புடவைக்குமேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். சட்டை அவளுடையது இல்லை. தோள் முழங்கை வரை இறங்கிக் கிடந்தது, கை இரண்டும் சுருட்டிச் சுருட்டி மணிக்கட்டில் பந்தாக நின்றன. வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு நிற்கிறாள். விசிலை வாயில் வைத்திருக்கிறாள், ஊதத் தெரியவில்லை. ஊதினால் காற்று வருகிறது. கார் வந்து நின்றதும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்கிறாள். யார் இறங்குகிறார்கள், யார் இறங்கவில்லை என்று பார்க்கிறாள். அவரைப் பார்த்து, "தாத்தா, நீங்க போகலையா? தண்ணி நல்லா விழுது" என்றாள். ஏன் கேட்க வேண்டும்? ஆள் எழுந்து போனால் என்ன லாபம் இவளுக்கு? "எனக்குச் சளி" என்றார். பொய். தலைமறைவுக் காலத்தில் கற்றது. கேட்டவர் திருப்பிக் கேட்க முடியாத பதிலைச் சொல்ல வேண்டும். அவள் திருப்பிக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனாள். போகிற போக்கில் அவர் டிக்கியின்மேல் கையை வைத்துக்கொண்டு போனாள், மாட்டின் முதுகில் வைப்பதுபோல.

டிக்கியின்மேல் அவளுடைய ஈரக் கை வைத்த தடம் இருக்கும். உள்ளே கல் குளிர்ந்து கிடக்கும். அந்தக் கல்லை முதன்முதலில் தொட்டபோதும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. தூணில் பதிப்பதற்கு முன்பு சங்க அலுவலகத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள், எல்லாரும் வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். அதில் வெட்டியிருப்பது ஒரே ஒருவனுடைய பெயர். அவன் பதிலி. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அந்த இடத்துக்கு எடுத்துக்கொள்கிற ஆளுக்கு மில்லில் பதிலி என்று பெயர். காலையில் கேட்டில் வரிசையாக நிற்பார்கள், விரல் நீட்டிக் கூப்பிடுவார்கள், போனவனுக்கு அன்றைக்குச் சோறு. அந்தப் பதிலி சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேலைநிறுத்தம் வந்தது. அவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, கோரிக்கை எல்லாம் நிரந்தரத் தொழிலாளிக்கு. இருந்தும் வந்து உட்கார்ந்தான். பஞ்சு லாரி கேட்டை விட்டு வெளியே வந்தபோது எழுந்து ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவன் அவன் ஒருத்தன். நிரந்தரத் தொழிலாளிகள் எல்லாருக்கும் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. லாரி அவன்மேல் ஏறிப் போனது. மில் நிர்வாகம், அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்றது. அவன் வேலை பார்த்த நாட்களிலும் பதிவேட்டில் நிரந்தரத் தொழிலாளியின் பெயர்தான் இருந்தது. பதிலி வந்தாலும் யாருக்குப் பதில் வந்தானோ அவனுடைய பெயருக்கு எதிரேதான் குறிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அவன் பெயர் தெரியாது. தெரியாது! 'ஏய் புதுசு' என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். பெயரைத் தெரிந்துகொள்ள அவன் தாயார் வர வேண்டியிருந்தது. அவள் வந்து மில் கேட்டில் நின்று சொன்னாள். அதைத்தான் கல்லில் வெட்டினார்கள்.

அப்போது ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில், காலைச் சங்கு ஊதுவதற்குமுன், எல்லாரும் தூண்முன் நிற்க, புதிதாக வேலைக்கு வந்த ஆள் கல்லில் உள்ள பெயரை உரக்க வாசிக்க வேண்டும். புதுசைத் தெரியாமல் விட்டவர்கள் நாம், அதனால் புதுசு வாயால்தான் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை வாசித்தவன் மறுபடி வாசிக்கக் கூடாது. பழகின வாயில் எந்தப் பெயரும் கோஷமாகிவிடும். இரண்டாம் வருஷம் வாசித்தது, கல் வெட்டிய சமயத்தில் வேலைக்கு வந்த சொரிமுத்து. அதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றார். சங்க நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு, தொ, ழி, லா, ளி. வாசித்த அன்று இரண்டாவது சொல்லில் திக்கினார், பின்னால் யாரோ செருமினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டம் பேசியிருக்கிறார், எந்த மேடையிலும் திக்கியதில்லை. ஆனால் வாயைத் திறந்து சொன்னவற்றில் உண்மையானது அந்த ஒரு பெயர்தானோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. அன்றிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. நினைப்பில்கூட அந்தப் பதிலி என்றுதான் வரும். மில் மூடிய பிறகு புது ஆள் என்று யாரும் வரவில்லை. வருஷா வருஷம் பழையவர்கள் தூண்முன் வந்து நின்றார்கள், எல்லாரும் ஏற்கெனவே வாசித்தவர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு, சும்மா நின்றுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வருகிறவர்களும் குறைந்தார்கள். மருமகனிடம் ஒருமுறை கல்லைக் காட்டினார். நல்லசிவன் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். படம் பிடித்தானே தவிர வாசிக்கவில்லை. மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் வாசித்துவிடுவாள், அப்பாவுக்காக. அப்பாவுக்காக வாசிப்பது வாசிப்பில் சேராது.

அடிவயிறு முட்டியது. வயதோடு வந்த சனியன். இவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்தார். அருவிச் சத்தம் வேறு காதில் விழுந்துகொண்டே இருந்தால் எந்தக் கிழவனுக்குத்தான் முட்டாது? கட்டணக் கழிப்பறை பார்க்கிங்கின் கோடியில் இருந்தது. இறங்கினால் கார் தனியாக நிற்கும். இறங்காவிட்டால் மருமகனுடைய சீட்டு நனையும். அவர் தெருவைப் பார்த்தார், சிப்ஸ் கடையைப் பார்த்தார், டோக்கன் பெண்ணைப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வேனை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தாள். இறங்கினார். சாவியால் பூட்டினார், பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தார், மறுபடி இழுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பீடியை விட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று, தீப்பெட்டியை விடவில்லை. ஒரு குச்சியை ஒடித்து, டிக்கி மூடியின் இடுக்கில் வெளியே தெரியாமல் செருகினார். தலைமறைவாக இருந்த வீடுகளில் கதவிடுக்கில் இப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது குச்சி விழுந்திருந்தால் உள்ளே யாரோ போயிருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் நுழையாமல் அப்படியே நடந்து போய்விட வேண்டும். போனார். நின்றார். வரவேண்டியது அவசரத்துக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள், காற்றாக. அடையாளமா? யாருக்கு?

திரும்பி வந்து குனிந்து பார்த்தார். குச்சி இல்லை.

ஈரத்தில் ஊறி உள்ளே போயிருக்கலாம். காற்றில் விழுந்திருக்கலாம். அவர் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. அவர் நினைத்தது எட்டு. டிக்கியைத் திறந்து பார்க்கக் கை போனது. போன கை நின்றது. இப்போது திறந்தால் இதில்தான் இருக்கிறது என்று அவரே காட்டிக்கொடுத்ததாகிவிடும். நல்லசிவன் சொன்னதும் அதுதானே? மூட்டையைத் தூக்கியிருந்தால் அவ்வளவு கனத்தோடு தூரம் போயிருக்க முடியாது. பக்கத்து வண்டிகளில் ஏதாவது ஒன்றில் ஏற்றியிருப்பார்கள். அவர் பக்கத்துக் கார்க் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்தார். ஒரு தலையணை, குழந்தையின் செருப்பு. அடுத்த காரில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில். அடுத்தது வெள்ளைக் கார். அதன் அந்தப் பக்கத்துக்குப் போய்க் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார், நிமிர்ந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். தன் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படர்ந்து தன்னையே மறைத்தது. அதைத் துடைத்தார். உள்ளே ஒரு கிழவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். திருடனுடைய முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவர் ஒரு கணம் நினைத்தார். அடுத்த கணம் அது தன் முகம்தான் என்று தெரிந்தது.

"யோவ் பெரியவரே! எங்க வண்டில என்ன பாக்குறீங்க?"

ஈரத் துண்டோடு ஒருவர் ஓடி வந்தார், பின்னால் அவர் மனைவி. வெள்ளைக் காரின் சொந்தக்காரர்கள், மதுரைப் பக்கத்துப் பேச்சு. அந்தம்மாள் காரின் பின்பக்கத்தைச் சுற்றி வந்து அலறினாள். பின் கதவை ஒட்டிய சின்னக் கண்ணாடி உடைந்திருந்தது. கண்ணாடித் தூள் சீட்டில் கல்கண்டு மாதிரி கிடந்தது. கைப்பையைக் காணவில்லை. சீட்டுக்கு மேலேயேதான் வைத்துவிட்டுப் போனார்களாம். சீட்டுக்கு மேலே! சொரிமுத்துவுக்குத் தன் நிலைமை மறந்து கோபம் வந்தது. "சீட்டுக்கு மேல வைக்கலாமா? கண்ணுல படுறாப்புல எதையும் வைக்கப்படாதுன்னு தெரியாதா?" என்றார். அதுதான் அவர் செய்த தவறு.

"எம்புட்டு விவரமாச் சொல்றாரு பாருங்க!" என்றார் கார்க்காரர்.

கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் எப்படிக் கூடும் என்று அவருக்குத் தெரியும், ஆயுசு முழுக்க அவர் செய்த வேலை அதுதான். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் இந்தப் பக்கமாக நின்றதில்லை. சிப்ஸ் கடைக்காரன் கரண்டியோடு வந்தான். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒவ்வொரு காரா எட்டிப் பாக்காரு. தீப்பெட்டிய எடுத்து என்னமோ வேற செஞ்சாரு." அருவிக்கரை அவுட்போஸ்டிலிருந்து ஏட்டு ஒருவர் மழைக்கோட்டோடு வந்தார். நிதானமான மனிதர். டோக்கன் பெண்ணிடம் கேட்டார்: "நீ பாத்தியாம்மா?" அவள் சொரிமுத்துவைப் பார்த்தாள். "குனிஞ்சு குனிஞ்சு பாத்தாக சார். பாத்தது நிசம். எடுத்ததை நான் பாக்கல." நியாயமான சாட்சி. அதுவும் அவருக்குச் சந்தேகத்தையே தந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் எதற்காகவோ அப்படிப் பேசுகிறார்கள்.

"உங்க வண்டி எது பெரியவரே? டிக்கியைத் திறங்க."

"எந்தச் சட்டப்படி?"

"அட, சட்டம் பேசுதாரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு.

சிரிப்புக்கு அவர் பழகியவர். நிமிர்ந்தார். முட்டி வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. "திறக்கிறேன். சும்மா திறக்க மாட்டேன். இந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரு சாட்சி நிக்கணும். உள்ள என்ன இருக்கோ அதை ஒண்ணு விடாம அவங்க முன்னால சத்தமாச் சொல்லி மகசர் எழுதணும். அப்பத்தான் நாளைக்கு ஒருத்தனும் இது என் சாமான்னு வர முடியாது." பால்துரையை நினைத்துத்தான் சொன்னார். ஏட்டு பெருமூச்சு விட்டார். "சாட்சிதான வேணும்? சிப்ஸ்கார அண்ணாச்சி, இங்க நில்லும். நீயும் வாம்மா."

"இந்தம்மா யாரு?" என்றார் சொரிமுத்து. "யாரு சட்டையப் போட்டுக்கிட்டு நிக்காங்க? பார்க்கிங் குத்தகைக்காரங்ககிட்ட இவங்க பேரு இருக்கா? கேளுங்க."

அவள் காக்கிச் சட்டையின் சுருட்டிய கையைக் கீழே இழுத்தாள். அது விரலை மூடியது. "எம் பேரு இல்ல தாத்தா. எங்க வீட்டுக்காரரு பேருதான் இருக்கு. அவுகளுக்குக் காய்ச்சல். ஆள் நிக்கலேன்னா வேற ஆளப் போட்டுருவாகன்னு இன்னைக்கு அவுகளுக்குப் பதிலா நான் வந்தேன். இன்னைக்குத்தான் மொத நாளு. விசிலு கூட ஊத வரல."

அருவிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது, அல்லது மற்றச் சத்தங்கள் அவருக்குள் நின்றுபோயின. கேட்டில் வரிசையாக நிற்கிறார்கள். விரல் நீட்டுகிறார்கள். ஏய் புதுசு. இவ்வளவு நேரமும் அவர் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு நிமிஷம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சட்டையைத்தான் பார்த்தார். இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம், கிழவன் எதற்கு இளகுவான் என்று பால்துரை சொல்லி அனுப்பியிருக்கலாம் என்று மூளை தன் பழைய வேலையைச் செய்து பார்த்தது. 'பதிலா' என்ற சொல்லுக்குக் கிழவன் இளகுவான் என்று பால்துரைக்குத் தெரியாது. பால்துரை தன் முறை வந்த வருஷம் வாசிக்கவே வரவில்லை. அவர் சாவியை நீட்டினார், ஏட்டிடம் இல்லை, அவளிடம். "நீ திற தாயி."

டிக்கி மூடி எழும்பியது. இடுக்கில் இருந்து அரைத் தீக்குச்சி ஒன்று உருண்டு அவர் காலடியில் விழுந்தது. துணிப்பெட்டி, துணிப்பெட்டி, குடை, கட்டுச்சோற்றுப் பாத்திரம். ஏட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அடியில் வேட்டி மூட்டை. எட்டு இல்லை. ஏழோடு நிற்கிறது. "என்னது இவ்வளவு கனம்?" இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வெளியே வைத்தார்கள். "சிலையா?" என்றான் சிப்ஸ்காரன், குரலைத் தாழ்த்தி. சிலை, சிலை என்று கூட்டத்துக்குள் பின்பக்கம்வரை ஓடியது. வேட்டியைப் பிரித்தார்கள். கருங்கல். எழுத்து.

"கண்ணாடி உடைக்க இம்புட்டுப் பெரிய கல்லாவே?" என்று ஒருவன் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. "கோயில் கல்வெட்டா? எந்தக் கோயில்ல பேத்தது? என்ன எழுதியிருக்கு, படிங்க."

"நான் படிக்க மாட்டேன்."

"படிக்கத் தெரியாதா?"

"தெரியும். நான் ஏற்கெனவே வாசிச்சாச்சு. ஒருத்தரு ஒரு தடவைதான் வாசிக்கலாம்."

கூட்டத்தில் யாரோ காதுப் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டினார்கள். அப்போதுதான் வாலண்டினா தலை சொட்டச் சொட்ட ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள், பின்னால் நல்லசிவன். "சார், சார், இது எங்கப்பா! அது மில்லுல..." என்று ஆரம்பித்தாள். சொரிமுத்து கையை உயர்த்தினார், கேட் மீட்டிங்கில் கோஷத்தை நிறுத்த உயர்த்துவதுபோல. மகள் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். நல்லசிவன் பையிலிருந்து செல்போனை எடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

ஏட்டு குனிந்து கண்ணைச் சுருக்கினார். எழுத்துக்குள் செங்கல் தூசி அடைந்திருந்தது. மூக்குக்கண்ணாடி அவுட்போஸ்டில் இருக்கிறதாம். "யாராவது படிங்கப்பா, மகசர் எழுதணும்லா."

"நான் படிக்கட்டா சார்?" என்றாள் டோக்கன் பெண்.

ஏட்டு தள்ளி நின்று இடம் விட்டார். அவள் கல்முன் குத்தவைத்து உட்கார்ந்தாள். விசிலைக் கழற்றி மடியில் போட்டாள். தன் கணவனுடைய சட்டைக் கையை உள்ளங்கைவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதனால் கல்லைத் துடைத்தாள். சாரல் விழுந்த இடமெல்லாம் கல் கறுத்தது. கறுக்கக் கறுக்க எழுத்து மேலே வந்தது. விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தாள். சிரித்தவர்கள் எதற்கென்று தெரியாமலே சும்மா இருந்தார்கள். சொரிமுத்து இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றார், சங்கு ஊதப் போகிறது என்பதுபோல.

"கீழப்பூவரசம்பட்டி," என்றாள். விரல் அடுத்த வரிக்குப் போனது. "இசக்கியம்மாள்... மகன்..." அங்கே திக்கினாள். பின்னால் யாரோ செருமினார்கள். அவள் தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள், எல்லாருக்கும் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினாள்.

"கொம்பையா."